மணியிடம் சொல்லிக்கொள்ளவில்லை

தை மாதம் கும்பகோணத்தில் என் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம். ஐந்து நாள் பிரயாணம். பால்காரர், பேப்பர்காரர், செடிக்குத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. பாக்கி இருந்தவன் மணி.

மணி எங்கள் வீட்டு நாய். குட்டியிலிருந்து வளர்ந்தவனல்ல. 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் இருக்கிறதே, அங்கிருந்து ஆவணியில் அழைத்து வந்தோம். டாக்டர் பல்லைப் பார்த்து, ஐந்து வயதிருக்கும் என்றார். யாரோ வீடு மாறிப் போனபோது கேட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். கேட்டதும், "இப்படியும் மனிதர்களா!" என்று பொருமினேன்.

அச்சரப்பாக்கத்தை அடுத்து, ஒரு தென்னந்தோப்பில் நாய்களை வைத்துப் பராமரிக்கும் விடுதி இருந்தது. போகிற வழிதானே! காரை விட்டு மணி உற்சாகமாக இறங்கி, ஒவ்வொரு மரமாக மோந்துகொண்டு போனான். அவன் முதுகைக் காட்டிய சமயம் பார்த்து நான் மெள்ள நழுவிவிட்டேன். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் குழந்தையை விட்டுவிட்டு ஓடி வருவோமே, அந்த மாதிரி.

ஊருக்குள் ஆட்சீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவபெருமான், பிள்ளையாரை வணங்காமல் தேரேறினாராம். இங்கே வந்ததும் அச்சு இற்றுப்போயிற்று. அதனால்தான் ஊருக்கு அச்சிறுபாக்கம் என்று பெயர். அச்சுமுறி விநாயகர் எதிரே நின்றபோது எனக்குக் குறுகுறுத்தது. பெற்ற பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய பரமசிவனுக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்!

மறுநாள் விடுதியிலிருந்து டெலிபோன். "சோற்றைத் தொடவே இல்லை, அம்மா. மூச்சு இரைக்க, எச்சில் ஒழுகக் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்." கேட்டை! கல்யாணப் பாயசம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் இரண்டு வாய் சாப்பிட்டானாம்.

திரும்பி வந்ததும் டாக்டரிடம் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஒஹையோவில் 1997-இல் ஒரு காப்பகத்து நாய்களின் ரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். மன உளைச்சலின்போது ஏறும் கார்டிசால், புதிதாக வந்த முதல் மூன்று நாள் மிக அதிகமாம். நாளாக ஆகக் குறைகிறதாம். "ஒரு தடவை கைவிடப்பட்டவன், அம்மா. விட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வாயால் சொன்னால் புரியாது. விட்டுவிட்டு வந்து காட்டுங்கள்" என்றார்.

காட்டினோம். மாசியில் ஒரு பகல், பங்குனியில் ஓர் இரவு. அவருக்குப் பெட்ரோல் செலவு கண்ணை உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை, பாவம். தொற்று இருமலுக்கு முன்கூட்டியே ஊசி போட்டோம். வீட்டில் சாப்பிடுவதையே அங்கேயும் அதே வேளைக்குப் போடச் சொன்னோம். நான் உடுத்திக் களைந்த புடவை ஒன்றையும் துவைக்காமல் கொடுத்தேன்.

ஆனியில் மறுபடி நான்கு நாள் வெளியூர். இந்தத் தடவை மணியின் எதிரிலேயே, "போய்ட்டு வரேண்டா" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன். அழவில்லை, கொஞ்சம்தான். ராத்திரி டெலிபோன் வந்தது.

"தயிர் சாதம் முழுக்கச் சாப்பிட்டான், அம்மா. புடவையைத்தான் இரண்டாகக் கிழித்துவிட்டான்."