கடற்கரையிலிருந்து ஒரு நாள் கண்டி

பகல் ஒரு மணிக்கு மேல் கண்டி வாவிக் கரையில் நின்று பார்த்தால், வேனிலிருந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களில் யார் கடற்கரை ஹோட்டலிலிருந்து வந்தவர்கள் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். தோளும் மூக்கு நுனியும் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருக்கும். கண்ணில் தூக்கம் நிற்கும். விடிய ஐந்து மணிக்குப் பெந்தோட்டையிலோ பேருவளையிலோ வண்டி ஏறியவர்கள். இரவுக்குள் திரும்பவும் அங்கே போய்ச் சேர வேண்டும். போக வர முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்த பிறகு கொழும்புப் பக்கத்துப் பயணம் சுலபமாகிவிட்டது. மிச்சம், நிட்டம்புவை, வரக்காப்பொலை, கேகாலை என்று பஸ்ஸுக்கும் லொறிக்கும் பின்னால் ஊர்ந்து வருகிற அதே பழைய கண்டி வீதிதான்.

இந்த ஓட்டத்தைக் கேலி பண்ணுவது கண்டிக்காரருக்குப் பழகிப்போன விஷயம். ‘வந்தான், படம் எடுத்தான், போனான்’ என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கடலோரத்தில் இருக்கிற ஒருவன் காலையில் மலையேறி மாலையில் உயிரோடு இறங்கிப் போவது இந்த ஊருக்கு மிகவும் புதிய காரியம்.

கரையோரத்தைப் பிடித்து வைத்திருந்த போர்த்துக்கேயர் திரும்பத் திரும்பப் படையோடு மேலே வந்தார்கள். 1594இல் தந்துரையில் அந்தப் படை அழிந்தது. 1638இல் வந்தவர்களுக்கு ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. அரசனும் சனமும் ஏற்கெனவே ஒதுங்கிவிட்டார்கள். ஆளில்லாத நகரத்தைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில், கன்னொருவையில் மறிக்கப்பட்டுப் பெரும்பாலோர் மடிந்தார்கள். 1803இல் ஆங்கிலேயருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் சண்டைக்குக்கூட வரவில்லை. 1660இல் திருகோணமலைப் பக்கம், கொட்டியாரத்தில் கரையிறங்கிய இடத்தில் பிடிபட்டு மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் தப்பி அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தது 1679இல். கரையிலிருந்து கண்டிக்கு வந்து திரும்ப அந்த மனிதருக்குப் பத்தொன்பது வருசம் பிடித்தது.

நல்ல பாதை போடாமல் விட்டதே கண்டி அரசர்களுக்கு அரணாக இருந்தது. 1815இல் இராச்சியம் விழுந்த பிறகு ஆங்கிலேயர் முதலில் கைவைத்தது பாதையில். கடுகண்ணாவையில் மலையைக் குடைந்து வீதி போட்ட கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் பெயரில் நிற்கும் கோபுரத்தை வேன்காரர்கள் நிறுத்தாமலே கடக்கிறார்கள். 1867இல் ரயில் வந்தது. நூறு வருசத்துக்குச் சற்று மேல் கழித்து, 1969இல், ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டல் எழுந்தது. கடலைப் பார்த்துச் சலித்தவர்களை ஒரு நாளைக்கு எங்கே கூட்டிப் போவது என்ற கேள்விக்கு அன்றுமுதல் முதல் பதில் கண்டி.

பதில் சரி, பட்டியல்தான் பிழை. பின்னவலையில் யானை, மாவனல்லையில் வாசனைத் திரவியத் தோட்டம், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒரு மாணிக்கக்கல் கடை, பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, அதற்கு மேல் நடன நிகழ்ச்சி. இத்தனையும் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலத்துக்குள்.

அந்தத் திரவியத் தோட்டம் ஒன்றுக்குள் நானும் போயிருக்கிறேன். வெள்ளை மேலங்கி போட்ட இளைஞர் ஒருவர் கறுவாப் பட்டையைச் சுரண்டி மோக்கக் கொடுத்தார், மிளகுக் கொடியைக் காட்டினார், சிறு கிண்ணத்தில் மூலிகைத் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒரு பருத்த ஐரோப்பியரை வாங்கில் உட்காரவைத்து, அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு ஏதோ பசையைத் தடவிவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பினார். ஐந்து நிமிடம் கழித்துப் பஞ்சால் துடைத்தால், அந்த இடத்தில் ஒரு மயிர் இல்லை! எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த கதவு கடைக்குள் திறந்தது. கண்டிச் சந்தையில் வாங்கும் விலையைச் சொன்னால் அங்கே சண்டை வரும்.

பேருவளையிலிருந்து வேன் ஓட்டும் நானா ஒருவர் எனக்குப் பழக்கம். “ஏன் நானா, அந்த நேரத்தை பேராதனையில் குடுக்கலாமே?” என்றேன்.

“தம்பி, ஹோட்டல்காரன் தாற காசு டீசலுக்கே பத்தாது. எனக்கு மிஞ்சுறது தோட்டத்துக் கொமிஷன்தான். அத விட்டா நான் புள்ளைகளுக்கு எதக் கொண்டு போறது?”

கொமிஷனைத் திட்டி எழுதுவது எளிது. ஆனால் நாலு பேரின் நாளைத் தன் தோளில் சுமந்து, அதிகாலை முதல் நடுச்சாமம் வரை வளைவு திருப்பம் பார்த்து ஓட்டுகிறவருக்கு ஒழுங்கான கூலி கொடுக்காதவரையில், அந்தத் தோட்டத்து வாசலில் வேன் நிற்கத்தான் செய்யும்.

பின்னவலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1975இல் தாயில்லாக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம். கடைத்தெரு நடுவே யானைக்கூட்டம் மகா ஓயாவுக்குக் குளிக்க இறங்கும்போது யாருக்கும் மனம் துள்ளும். கரையில் சில யானைகளின் காலில் சங்கிலியைப் பார்த்தபின் எனக்குத் துள்ளுவதில்லை.

என்னைக் கேட்டால் பேராதனைப் பூங்காவில் மூன்று மணித்தியாலம். 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. பெரிய புல்வெளியில் ஜாவா அத்தி கிளைகளைத் தரையளவுக்கு விரித்துப் படர்ந்திருக்கும். ஆற்றோரத்து மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தொங்கிக்கொண்டு சண்டை பிடிக்கும். பனை வீதியும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் விருந்தாளி ஒருவர், பனையைப் பார்க்க டிக்கட் எடுத்தேனா என்று என்னோடு கோபித்தார். எதிர்க்கரையில் அந்தக் கன்னொருவை. வழிகாட்டிகள் யாரும் விரலை அந்தப் பக்கம் நீட்டி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, மாலைப் பூசை. தலதா மாளிகையில் மாலை ஆறரைக்குத் தேவாவ. கல்தரையில் வெறுங்கால், முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய ஆச்சி, அவர் தட்டில் நீலோற்பலம், கீழே ஹேவிசி மேளம். வரிசை நகர்ந்து கதவண்டை வந்தால் பேழையைப் பார்க்கக் கிடைப்பது சில நொடி. பகல் இரண்டு மணிக்கு வருகிறவர்களுக்குச் சாத்திய கதவும் சுவர்ச் சித்திரமும்தான். பூசைக்கு நின்றால் கடற்கரைக்குப் போய்ச் சேர நள்ளிரவு தாண்டும் என்று சாரதிகள் சொல்வது பொய்யில்லை. யானையையும் கல் கடையையும் வெட்டிவிட்டுப் பத்து மணிக்கு மெல்லப் புறப்பட்டு வந்தாலும் பூங்காவுக்கும் பூசைக்கும் நேரம் போதும். அப்படி ஒரு பயணத்தை எந்த ஹோட்டல் பலகையிலும் நான் காணவில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். தோட்டப் பாடசாலைகளிலிருந்து ‘ட்ரிப்’ போகும் பஸ்கள் நடுச்சாமத்தில் புறப்படும். பின் ஆசனத்தில் சோற்றுப் பார்சல், முன்னால் ரபான். பலருக்கு முதல் தடவையாகக் கடல். ஆனால் விமான நிலையம், துறைமுகம், நூதனசாலை, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை எல்லாம் முடித்து அலையில் கால் வைக்கும்போது பின்னேரம் ஐந்தரை. அரை மணித்தியாலத்தில் ஆசிரியர் விசில் ஊதிவிடுவார். மிருகக்காட்சிச்சாலையை விட்டுவிட்டு நேரே கல்கிசைக் கடலுக்குப் போகலாமே என்று ஓர் அதிபரிடம் சொல்லிப் பார்த்தேன். பெற்றோர் காசு கட்டியது பட்டியலில் உள்ள எல்லா இடத்துக்கும்தான் என்றார்.