ஒரு நீருக்கு நான்கு பெயர்

தேனியிலிருந்து குமுளி செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைப்பது ஒரு பேறு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்செல்ல, நெல்வயலும் வாழைத்தோப்பும் திராட்சைப் பந்தலும் கண்ணுக்கு விருந்தாகும். 1895இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. இன்று இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை நம்பியிருக்கிறது.

கண்ணுக்குக் கிட்டும் விருந்து செவிக்கும் உண்டு. தமிழுக்கிடையே ஒக்கலிகர், காப்பிலியர் வீட்டுக் கன்னடமும், நாயக்கர் வீட்டுத் தெலுங்கும் கேட்கும். மலையேறினால் மலையாளம் எதிர்கொள்ளும். 1956இல் மொழிவழியே மாநில எல்லை வகுத்தார்கள். மக்களின் நாவோ அந்த எல்லையில் நின்றுவிடவில்லை. நாம் தண்ணீர் என்பதைக் கன்னடர் நீரு என்பர். தெலுங்கர் நீள்ளு என்பர். மலையாளியோ வெள்ளம் என்பார். ‘குடிக்க வெள்ளம் வேண்டுமா?’ என்று முதன்முறை கேட்டபோது நாம் திகைத்தது உண்மை!

நமக்கும் பன்மொழி ஆசை இருந்தது. குருமடத்தில் கற்ற இலத்தீன் போதாதென்று, இளமை வேகத்தில் இந்தி, பிரெஞ்சு, மலையாளம் மூன்றையும் ஒரே ஆண்டில் தொடங்கினோம். ஆறு மாதம் இரவு பகலாய்ப் படித்தோம். பின்னர் மூன்றையும் ஒருசேரக் கைவிட்டோம். புத்தகங்கள் மட்டும் அலமாரியில் தங்கின.

அந்த இழப்பின் விலை சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது. ஏலத்தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், ஒரு மாலை ஆலய வாயிலில் வந்து நின்றார். ஊரில் தாய் இறந்த செய்தி கைப்பேசியில் வந்திருந்தது. அழுதுகொண்டே இந்தியில் ஏதேதோ சொன்னார். ‘மா’ என்ற ஒரு சொல் மட்டும் நமக்கு விளங்கியது. கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தோம். ஆறுதல் கூற ஒரு வாக்கியமேனும் நம்மிடம் இல்லை.

அதன்பின் ஒரு விடியற்காலை, தோட்டத்துக்குச் செல்லும் ஜீப்புக்காகக் கம்பத்தில் காத்திருந்த அம்மையார் ஒருவரோடு உரையாடினோம். வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தமிழ், தோட்டத்தில் மலையாளம் பேசுபவர் அவர். “எப்படியம்மா மூன்றும் மறக்காமல் இருக்கின்றன?” என்றோம். “தெனமும் பேசுறோமே சாமி, மறக்கிறதுக்கு நேரம் ஏது?” என்றார்.

பள்ளிக்கூடம் காணாத அவர் கூற்றையே ஏடுகளும் கூறுகின்றன. ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள் இடைவிட்டுப் பயில்வது மனத்தில் நிலைக்கும் என்றும், மறந்ததை மீண்டும் கற்க முதன்முறையைவிடக் குறைந்த உழைப்பே போதும் என்றும் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் எழுதினார். இரண்டாவது செய்தி நம் போன்றோர்க்குப் பெரும் ஆறுதல். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகராம் இராபர்ட் தெ நோபிலி அடிகளார்க்கு அப்போது வயது 29. அவரும் இம்மக்களிடையே வாழ்ந்தே தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார்.

ஆகவே நாமும் இம்மண்ணின் உழவரைப் பின்பற்றினோம். நீர் குறைந்த காலத்தில் அவர்கள் எல்லா வயலுக்கும் ஒருசேரப் பாய்ச்சுவதில்லை. முறை வைத்து விடுவார்கள். புதிதாய் ஊன்றிப் பயில ஒரு மொழியே போதும் என்று இந்தியைத் தேர்ந்தோம். அதற்குக் காலையில் கால்மணி நேரம். ஓரளவு தெரிந்த மலையாளம் வாடாதிருக்க வாரம் இருமுறை செய்தித்தாள். பிரெஞ்சை இப்போதைக்குத் தரிசாய் விட்டோம். பேச ஆளில்லாத மொழிக்காக வருந்துவதில் பயனில்லை. வாய்ப்பு வரின் மீண்டும் உழுதுகொள்ளலாம்.

ஓராண்டுக்குப் பின் அந்த இளைஞர் மறுபடி வந்தார். “வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று இந்தியில் கேட்டோம். பிழைகள் இருந்திருக்கும். அவர் வியப்போடு நோக்கினார். பின் தங்கையைப் பற்றி, வயலைப் பற்றி, தாயைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பாதிதான் புரிந்தது. விடைபெறுமுன் குடிக்க ‘பானீ’ கேட்டார். நீருக்கு ஐந்தாவது பெயர் அன்று நம் வீட்டிலும் வழங்கலாயிற்று.