முதல் கேள்வி

உங்கள் வீட்டில் பழைய டெலிவிஷன் பெட்டி இருக்கிறதா? இருந்தால், என்னைப் போல் அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீர்கள்!

சோளிங்கரில் என் அம்மாவிடம் ஒரு 14 அங்குலக் கலர் பெட்டி இருக்கிறது. 2006-ல் தொடங்கிய அரசாங்க இலவசத் திட்டத்தில் அப்பா வரிசையில் நின்று வாங்கி, சைக்கிளில் கட்டித் தள்ளிக் கொண்டு வந்தது. அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பேச்சுத் துணை அதுதான். "புதுசு வாங்கித் தரேன்" என்றால் காதில் போட்டுக் கொள்ளவே மாட்டாள்.

போன கார்த்திகையில் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். 1,305 படிகள் ஏறி நரசிம்மரைச் சேவித்துவிட்டு வீடு திரும்பினால், அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் சத்தம் கேட்கிறது. திரையோ கன்னங்கரேல் என்றிருக்கிறது.

"படக் குழாய் போச்சு!" என்று தீர்ப்புச் சொன்னேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. மனசு கேட்காமல், பெட்டியின் முதுகைத் திறக்கப் போனேன்.

"தம்பி, கையை எடுங்க!"

வாசலில் அடுத்த வீட்டு அண்ணன். முப்பது வருஷம் டி.வி. ரிப்பேர் செய்தவர். படக் குழாய்க்குச் சுமார் 20,000 வோல்ட் போகிறதாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது குழாயில் தங்கி நிற்குமாம். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

"திறக்கிறதுக்கு முன்னாடி கேள்வி கேக்கணும், தம்பி" என்றார் அவர். அந்தக் கேள்விகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? இல்லையென்றால், அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைச் செருகிப் பாருங்கள். சத்தம் வந்து படம் மட்டும் இல்லையா? பிரைட்னஸையும் காண்ட்ராஸ்டையும் ஏற்றிப் பாருங்கள். திரை வெறும் நீலமாக நிற்கிறதா? டி.வி., ஏ.வி. என்று மாற்றும் பொத்தானையும் பின்னாலுள்ள கேபிளையும் பாருங்கள். மூலையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டு விழுந்தால், பக்கத்திலுள்ள ஸ்பீக்கரை நகர்த்துங்கள். அதன் காந்தம் செய்கிற வேலை அது. அரை மணி நேரம் அணைத்து வைத்துப் பிறகு போட்டால், உள்ளே இருக்கும் கம்பிச் சுருளே பெரும்பாலும் அந்தத் திட்டைப் போக்கிவிடும். நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றால், உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அண்ணன் ரிமோட்டை வாங்கினார். பிரைட்னஸ், காண்ட்ராஸ்ட் இரண்டும் அடிமட்டத்தில் கிடந்தன. ஏற்றினார், புளி போட்டு விளக்கிய செம்பு மாதிரி படம் பளிச்சென்று வந்தது!

அம்மா சிரித்தாள். "காலையிலே உன் பிள்ளைதான் அந்த ரிமோட்டைப் போட்டு அமுக்கிக்கிட்டிருந்தான். ஏண்டா, என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

ஆகவே, பெட்டியைக் கேட்கும் முன்பு வீட்டிலிருப்பவர்களைக் கேளுங்கள். அண்ணன் சொன்ன கேள்விகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்!