கடற்செலவும் கைத்தறியும்

துணி, அறுவை என்னும் இரு சொற்களுமே வெட்டுதலைக் குறிக்கும் வினைகளிலிருந்து பிறந்தவை. நெடிய பாவிலிருந்து துணிக்கப்பட்டது துணி; அறுக்கப்பட்டது அறுவை. பயணத்திற்கு உடை தேர்வதும் ஏறக்குறைய அத்தகையதே. எடுத்துக்கொள்ளுதல் எளிது, விலக்கத் துணிவதுதான் அரிது.

அக்டோபர் இறுதியில் மத்தியதரைக் கடலில் ஏழிரவுக் கப்பற்பயணம் செல்கிறோம். பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, சிவிட்டவெக்கியா, நேப்பிள்ஸ் ஆகிய துறைகளைத் தொட்டு மீளும் வழி அது. நாங்கள் இருவரும் 72 அகவை நிரம்பிய அன்னையாருமாக மூவர். வானூர்தியில் ஆளுக்கு 23 கிலோ.

ஐரோப்பா என்றதும் சுற்றத்தார் அனைவரும் கம்பளியையே பேசினர். ஆனால் அக்கடற்கரை ஊர்களில் அக்டோபர்ப் பகல் 20 பாகையை ஒட்டியே இருக்கும். அஞ்ச வேண்டியது குளிரையன்று, மழையை. இங்கே வடகிழக்குப் பருவமழை இறங்கும் அதே காலத்தில்தான் அங்கும் இலையுதிர்கால மழை பெய்கிறது. ஆகவே தடித்த மேலங்கிகளை ஒதுக்கி, ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும் என்று முடிவு செய்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக அணியவும் களையவும் இயலும் உடைகளே அங்குப் பயன்படும்.

கரையில் இறங்கும் நாள்களுக்கு வேறு கணக்கு. வாத்திகனின் புனித பேதுரு பேராலயத்துள் தோளும் முழங்காலும் மூடியிருத்தல் வேண்டும். கையில்லாச் சட்டையும் அரைக்கால் சட்டையும் வாயிலிலேயே தடுக்கப்படும். நம் சேலைக்கும் சுடிதாருக்கும் அத்தொல்லை இல்லை. பாம்பேயின் தெருக்களோ வண்டிச்சக்கரத் தடம் பதிந்த பெருங்கற்களால் ஆனவை. அங்குச் செருப்பு உதவாது என்று அன்னையாருக்குக் கான்வாஸ் ஷூ வாங்கினோம். சேலைக்கடியில் ஷூவா என்று இரண்டு நாள் சிரித்துவிட்டு, மூன்றாம் நாள் மொட்டைமாடியில் தாமே நடை பழகினார்.

கப்பலுக்கென்றும் சில நெறிகள் உண்டு. தீ அச்சத்தால் இஸ்திரிப்பெட்டி கொண்டுசெல்ல விடமாட்டார்கள்; எனவே கசங்கும் பருத்தியைக் குறைக்க வேண்டும். ஏறும் நாளில் பெட்டிகள் அறைக்கு வந்துசேரப் பல மணி நேரமாகலாம். இறங்கும் நாளுக்கு முந்தைய இரவிலோ அவற்றைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் உடையைக் கைப்பையில் எடுத்துவைக்க மறந்தவர் இரவு உடையோடு கரையிறங்க நேரும்.

கப்பலில் ஓரிரவு முறைசார் விருந்துண்டு. அதற்குக் கோட்டும் டையும் வேண்டும் என்று பலர் அச்சுறுத்தினர். 2014இல் சென்னையில் மன்றமொன்று வேட்டி அணிந்துவந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்ததும், அவ்வாண்டே தமிழகச் சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றியதும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். அச்சட்டம் நடுக்கடலில் செல்லாதே! ஆகவே முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். அவரவர் நாட்டு மரபுடைக்குத் தடையில்லை என்று விடை வந்தது. பட்டுவேட்டி பெட்டியேறியது, கோட்டு அலமாரிக்குத் திரும்பியது.

நம் துணி அக்கரைக்குப் புதியதும் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கப் பயண நூல் ஆர்கரு என்ற ஊரின் மெல்லிய துகிலைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பர் அறிஞர். நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள புட்டியோலி, கீழைநாட்டுச் சரக்குகள் இறங்கிய உரோமத் துறையாகும்.

எஞ்சியது அன்னையாரின் விருந்துடை. ஐந்து சுங்கடிச் சேலைகளை எடுத்துவைத்துவிட்டு, "எனக்கு இது போதும்ப்பா. அந்த விருந்தன்னைக்கு நான் ரூம்லயே இருந்துக்குறேன். ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார். அரக்கு நிறக் காஞ்சிப்பட்டு ஒன்று பீரோவில் இருக்கிறது. 2011இல் தந்தையார் மறைந்தபின் அதை அவர் உடுத்தியதில்லை. உடுத்தக் கூடாதென்று எவரும் சொன்னதுமில்லை. ஊர்க்கண்ணுக்குச் சொல் தேவைப்படுவதில்லை. திருமண வீடுகளில் பின்வரிசை நாற்காலியைத் தாமே தேடி அமர அவருக்கு அது கற்பித்திருந்தது.

வாதிட்டால் பிடிவாதம் இறுகும் என்பதை அறிவோம். "ஐந்து சேலைக்கும் எடை இருக்கிறது அத்தை, எதற்கும் நிறுத்துப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அடுக்களைத் தராசைக் கொண்டுவந்தோம். சுங்கடிகளை ஒவ்வொன்றாக நிறுத்தோம். கேளாமலே பட்டையும் நிறுத்தோம். 700 கிராம்.

அன்னையார் பட்டின் மடிப்பை விரித்து, கரையோரம் விரலோட்டி, இழை ஏதும் விட்டிருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அங்க நம்மளத் தெரிஞ்சவங்க யாரும் வரமாட்டாங்கல்ல?" என்றார். வரமாட்டார்கள் என்றோம்.

"அப்ப ரெண்டு சுங்கடிய எடுத்துரு."