மிச்சம் யாருக்கு?

தமிழில் 'மிச்சம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உண்டது போக எஞ்சியிருப்பதும் மிச்சம். செலவு போகச் சேர்த்து வைப்பதும் மிச்சம். "இந்த மாதம் இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன்" என்று ஒரு தாய் பெருமையோடு சொல்லுவாள். அதே தாய், "நேற்று வைத்த சாம்பார் மிச்சம் இருக்கிறது" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். காசில் பெருமை தரும் சொல், சோற்றில் மட்டும் வெட்கம் தருவது ஏன்? மிச்சத்தையும் எச்சிலையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம் என்பதே காரணம். எச்சில் என்பது வாய் பட்டது, இலையில் கிடப்பது. மிச்சம் என்பது பரிமாறப்படாமல் பாத்திரத்தில் இருப்பது. முன்னது கழிவு; பின்னது உணவு. இந்த வேறுபாட்டை நாம் மறந்ததால் விளையும் தீங்கு சிறிதன்று.

நம் பங்குகளில் விருந்துகளுக்குக் குறைவில்லை. திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், புதுமனை புகுதல், ஊர்த் திருவிழா என்று ஆண்டு முழுவதும் பந்தி நடக்கிறது. நூறு பேரை அழைத்தவர் நூற்றைம்பது பேருக்கு உலை வைக்கிறார். வந்தவர் எவரும் பசியோடு திரும்பக் கூடாது என்ற அந்த எண்ணம் உயர்ந்ததே. ஆனால் பந்தி முடிந்து பார்த்தால் அண்டாவில் கால்பங்கு சோறு அப்படியே இருக்கும். அப்போதுதான் பலருக்கும் பக்கத்து ஊர்க் குழந்தைகள் இல்லத்தின் நினைவு வருகிறது.

அத்தகைய இல்லம் ஒன்றின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தேன். இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். "சாமி, கல்யாணச் சாப்பாடு நிறைய மிச்சமா இருக்கு. பிள்ளைகளுக்குக் கொண்டாந்து எறக்கட்டுமா?" பிள்ளைகளோ எட்டு மணிக்கே உண்டு, செபித்து, உறங்கியிருப்பார்கள். மறுத்தால் கொடுப்பவர் மனம் நோகும். வாங்கினால் காலையில் மூடியைத் திறக்கும்போது சாம்பாரில் நுரை பொங்கி நிற்கும். தோட்டத்தில் குழிவெட்டி எத்தனையோ முறை புதைத்திருக்கிறோம். கொடுத்தவர் அறம் செய்த நிறைவோடு உறங்கியிருப்பார். குழி வெட்டும் வேலை மட்டும் எங்களுக்கு மிஞ்சும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் அறுபது விழுக்காடு வீடுகளில் நேர்ந்தது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பானது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எச்சரித்தார். எறிவது திருட்டு என்றால், எறிய வேண்டிய நிலைக்கு வந்ததை ஏழையின் வாசலில் இறக்குவது எத்தகைய கொடை?

மறைநூலில் மிச்சத்திற்கு மரியாதையான இடம் உண்டு. ஐயாயிரம் பேர் உண்டபின் எதுவும் வீணாகாதபடி துண்டுகளைச் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அவை பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று எழுதிய நற்செய்தியாளர், அவற்றை யார் உண்டார் என்று எழுதவில்லை. சேர்த்தவர்களே சுமந்து சென்று மறுநாள் உண்டிருப்பார்கள் என்று எண்ணிப்பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ரூத்தின் கதையோ இன்னும் தெளிவானது. போவாசின் வயலில் அவளுக்கு வறுத்த தானியம் கொடுக்கப்பட்டது. வயிறார உண்டாள், மீந்ததை வைத்திருந்து மாலையில் மாமியார் நகோமிக்குக் கொடுத்தாள். அந்த மிச்சத்தில் வெட்கத்தின் சாயல் சிறிதும் இல்லை.

இதை நான் நன்கு உணர்ந்தது நெல்லைச் சீமையில் ஒரு கிளைப்பங்கில். ஞாயிறன்று அந்த வீட்டில் மகனுக்குப் புதுநன்மை விருந்து. திங்கள் மாலை, படுக்கையில் இருந்த பாட்டிக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தேன். மருமகள் துணிக்கடை வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள். அரைமணி நேரத்தில் தட்டு வைத்துவிட்டாள். "சாமி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா நேத்து மிச்சந்தான்" என்று தயங்கினாள். தட்டில் இருந்தது சுண்டக்கறி.

நெல்லைப் பக்கத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விருந்தில் மீந்த சாம்பார், அவியல், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, சிறு தீயில் வைத்து, நீர் வற்றிக் குழைந்து வரும்வரை கிளறினால் அதுவே சுண்டக்கறி. மோர்க்குழம்பும் தயிர்ப்பச்சடியும் அதில் சேர்வதில்லை. புதிதாக மசாலை எதுவும் வேண்டாம். நேற்றுத் தனித்தனியே நின்ற சுவைகள் இன்று ஒன்றாகி, விருந்தில் இல்லாத ஒரு புதுச்சுவை பிறந்திருக்கும். அந்தப் பெண் ஞாயிறு மூன்று மணிக்கே கறிகளைச் சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தாள். அதற்கு வாடகையாக அந்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் சுண்டக்கறி போயிற்று. மாமியாருக்கு அதையே சோற்றில் குழையப் பிசைந்து ஊட்டினாள். நகோமி இப்படித்தான் உண்டிருப்பாள் போலும்.

வேலைக்குச் சென்று களைத்து வரும் இல்லத்தாருக்கு விருந்தின் மிச்சம் ஒரு வரம். சோறு மீந்தால் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் தாளித்து எலுமிச்சை பிழிந்தால் பத்து நிமிடத்தில் இரவு உணவு. உதிர்த்த இட்லி உப்புமாவாகும். காய்ந்த சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டு, வெங்காயமும் முட்டையும் சேர்த்துக் கொத்தினால் பிள்ளைகள் சண்டையிட்டு உண்பார்கள். மசால்வடை மீந்தால் அதை உதிர்த்துப் போட்டு வடைகறி வைக்கலாம். சென்னை சைதாப்பேட்டைக்குப் புகழ் சேர்த்த பண்டம் அது. ரொட்டித் துண்டுகளும் உப்புமாவுக்கு உதவும். கனிந்து கறுத்த வாழைப்பழத்தைக் கோதுமை மாவில் பிசைந்தால் இனிப்புப் பணியாரம். இவை எவையும் ஏழ்மையின் அடையாளங்கள் அல்ல, அறிவின் அடையாளங்கள்.

அறிவோடு கூடவே எச்சரிக்கையும் வேண்டும். நேர்ச்சைப் பலியின் இறைச்சியில் மிஞ்சியதை மறுநாள் உண்ணலாம், மூன்றாம் நாளுக்கு எஞ்சியதை எரித்துவிட வேண்டும் என்று லேவியர் நூலின் ஏழாம் அதிகாரம் வரையறுக்கிறது. அது வழிபாட்டுச் சட்டம்தான். எனினும் நம் அடுக்களைக்கும் அது நல்ல அளவுகோல். சோற்றில் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் இருக்கும். சோறு பல மணி நேரம் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே பந்தி முடிந்த கையோடு, இரண்டு மணி நேரத்திற்குள், மிச்சத்தை ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்துக் குளிரில் வைக்க வேண்டும். எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே முறையில் உண்டுவிட வேண்டும். தேங்காய் சேர்ந்ததும் இறைச்சியும் இன்னும் விரைந்து கெடும். மணத்தில் ஐயம் வந்தால் ஆசைப்படாமல் உரக்குழியில் இட்டுவிடுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மிச்சத்தைக் காப்பது உழைப்பு. விருந்து முடிந்து ஆண்கள் திண்ணையில் சாய்ந்திருக்க, பாத்திரம் மாற்றும் வேலை முழுவதும் ஏற்கெனவே களைத்த பெண்களின் தலையில் விழுகிறது. கூடைகளில் துண்டுகளைச் சேர்க்கும் பணி சீடர்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை இல்லத்தலைவர்கள் நினைவில் கொள்வார்களாக.

அப்படியானால் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டாமா? கொடுக்க வேண்டும், ஆனால் வரிசையை மாற்ற வேண்டும். நான் இல்லத்தில் இருந்த நாளில் ஒரு குடும்பத்தார் தங்கள் மகளின் திருமணத்திற்கு ஒரு வாரம் முன்பே வந்து பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்டுச் சென்றனர். திருமண நாளில் முதல் பந்திக்கு இலை போடும் முன்னரே, சூடான சோறும் கறியும் பாயசமும் எங்கள் வாசலில் வந்து இறங்கின. மதியம் பன்னிரண்டரை மணி. பிள்ளைகள் அன்று அந்த மணமக்களின் விருந்தினராகவே உண்டார்கள். மாலையில் மீந்ததை அந்தக் குடும்பத்தார் உறவினரோடும் அண்டை வீட்டாரோடும் பகிர்ந்து, தாங்களும் உண்டனர்.

முதற்கனியைத்தான் இறைவனுக்குப் படைக்கிறோம். கடைசிக் கனியை அன்று. ஏழைக்குக் கொடுப்பதும் அவருக்கே கொடுப்பது என்று நம்புகிறவர்கள் நாம். ஆகவே அடுத்த விருந்துக்கு உலை வைக்கும்போதே, முதலில் இறக்கும் பாத்திரத்தை இல்லாதவர்களுக்கென்று எடுத்து வையுங்கள். கடைசிப் பாத்திரத்தை உங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் இரவு அது சுண்டக்கறியாகவோ வடைகறியாகவோ உங்கள் தட்டுக்கு வரட்டும். யாராவது வந்தால் குரலைத் தாழ்த்தாமல், "நேற்றைய மிச்சம், வாருங்கள், சாப்பிடலாம்" என்று சொல்லுங்கள்.