ஏசிய ஊரும் கூடவே வந்தது

ஊரைவிட்டு ஓடத் துடிக்கும் மனசைப் பற்றி ஒற்றைக் கிடாரோடு பாடும் ஆல்பங்கள் என் மகளுக்குப் பிடிக்கும். எங்கள் சித்தூர் சீமையிலும் அப்படிப் பாடியவர் ஒருவர் உண்டு: தரிகொண்டா வெங்கமாம்பா.

18ஆம் நூற்றாண்டு. சிறு வயதிலேயே விதவை. தலை மழிக்க மறுத்தார். ஊர் ஏசியது, திருமலைக்குப் போய்விட்டார். அங்கும் நிம்மதியில்லாமல் தும்புரு தீர்த்தக் காட்டில் தனியே தவமிருந்தார் என்பார்கள். ஆனால் மலையிலிருந்து எழுதியபோதும் தரிகொண்டா நரசிம்மரை விடவில்லை.

இன்றும் திருமலையில் ஏகாந்த சேவையின்போது அவர் பெயரால் ஆரத்தி. அன்னதானக் கூடத்துக்கும் அவர் பெயர்தான். முன்னால் ‘தரிகொண்டா’ ஒட்டியே நிற்கிறது.

நானும் பிழைப்புக்காகச் சித்தூரைவிட்டுச் சென்னைக்கு வந்தவன். அங்கே சாப்பிட வரிசையில் நிற்கும்போதெல்லாம், அந்தப் பெயர்ப் பலகை என் ஊரையும் கேட்கிறது.