அப்பாவின் போனில் பாடம்

என் போனில் இருபது பிள்ளைகளின் வீட்டு எண்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுகூட அம்மாவுடையது இல்லை. எல்லாம் அப்பா, அண்ணன், மாமா.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாவது வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யை எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம்தான் தொடங்கிவைத்தார்கள். ஒலக்கூரில் நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய். மாலை வகுப்பில் முடியாததை வாட்ஸப்பில் அனுப்புவேன்.

போன் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கும். எப்போது இருக்கும் என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். காலை ரயிலில் வேலைக்குப் போகும் அப்பாவோடு அதுவும் போய்விடுகிறது. இரவு எட்டரைக்கு வந்ததும் தம்பி கேம் ஆட வாங்கிக்கொள்வான். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதனால் வீடியோவை விட்டுவிட்டு, இரண்டு நிமிட ஆடியோவாகப் பேசி அனுப்பினேன். தேய்த்துக்கொண்டே கேட்கலாம், டேட்டாவும் மிச்சம். (தம்பியும் தேய்க்கலாம். அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.)

மாலையில் போனைத் தர மறுத்ததால் கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற மாணவியைக் கல்லூரி விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். இணையம் கல்வி உரிமையோடு சேர்ந்தது என்று 2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. விடுதி மேல் வழக்குப் போடலாம். அப்பா மேல்?

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. மாதவிடாய் பற்றி அப்பாவின் போனுக்கு எப்படி அனுப்புவது? "வேணாங்க்கா, அப்பா கேட்டுடும்" என்றாள் ஒருத்தி. கேட்கட்டும் என்றுதான் அனுப்பினேன். புத்தகத்தில் இருப்பதைத்தானே பேசினேன்.

இரண்டு நாள் எந்த வீட்டிலிருந்தும் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, வேலைநேரத்தில், அந்த அப்பாவின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது அவள் அம்மா.

"அவரு போன வச்சிட்டுப் போயிட்டாரு கண்ணு. நானும் அதக் கேட்டேன். வெள்ளப்படுறதப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லலியே?"

அது பாடத்தில் இல்லை. கிராம நர்சம்மாவைப் பேசவைத்து நான்கு நிமிட ஆடியோ ஒன்று எடுத்து அனுப்பினேன். மறுநாள் மேலும் மூன்று அம்மாக்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள்.